அத்தையின் பெயரில் ஒரு முன்தீர்ப்பு

என் அத்தையின் பெயரை முதல்முறையாக அச்சில் பார்த்தது பெங்களூரில், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில். உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டிப் புத்தகமாக வெளியிடும் சின்ன அலுவலகம் அது. ஒரு தீர்ப்பைப் படித்து, அதில் சட்டம் என்ன சொல்கிறது என்று நாலு வரியில் சுருக்கி மேலே போடுவதுதான் என் வேலை. அதற்குத் தலைக்குறிப்பு என்று பெயர். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் பழைய தொகுதிகள் இருந்த அலமாரிக்குப் போய் ஒன்றை உருவினேன். எந்தத் தொகுதி என்று வீட்டிலேயே கேட்டுக்கொண்டு வந்திருந்தேன். பழுப்பு அட்டை, உள்ளே பூச்சி மருந்து வாடை. புரட்டினால் கொட்டை எழுத்தில் அத்தையின் பெயர், பக்கத்தில் மாமாவின் பெயர், இரண்டுக்கும் நடுவில் 'எதிர்' என்று பொருள் தரும் ஒற்றை ஆங்கில எழுத்து. கல்யாணப் பத்திரிகையிலும் இதே இரண்டு பெயர்கள்தான் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கீழே, எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த யாரோ எழுதிய தலைக்குறிப்பு: அக்னி வளர்க்காமல், ஏழடி வைக்காமல் நடக்கும் பௌத்தத் திருமணம் செல்லாது. சோற்று டப்பாவைத் திறக்காமலே சாயந்தர ரயிலில் வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. பெங்களூரிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் இருக்கிற எங்கள் தங்கச் சுரங்க ஊரில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவள். பக்கத்தில் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் ஒரு கடைக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பாள். தையல் மிஷினில் உட்கார்ந்தால் தலை நிமிராது. எழுந்து நின்றால் தலை குனியாது. நியாயம் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் வாயை மூடும்வரை விடமாட்டாள். எங்கள் வீட்டில் அவளுக்குப் பயப்படாதவர் யாரும் இல்லை, என் அப்பா உட்பட. ஆனால் காய்ச்சல் வந்தால் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவோம். இரவெல்லாம் உட்கார்ந்து ஈரத்துணி மாற்றிவிட்டு, விடிந்ததும் 'மழையில ஆடச் சொன்னது யாரு' என்று மண்டையில் ஒரு குட்டும் வைப்பாள்.

நாங்கள் பௌத்தர்கள். இங்கே சுரங்க வேலைக்கு வந்தவர்களில் சில குடும்பங்கள் என் பாட்டனுக்கும் முந்திய காலத்திலேயே அப்படி ஆனவை. எங்கள் கல்யாணத்தில் ஐயர் கிடையாது, அக்னி கிடையாது, நல்ல நேரம் பார்ப்பது கிடையாது, எங்கள் வீட்டில் தாலியும் கிடையாது. பெண்ணுக்கு வெள்ளைப் புடவை, மாப்பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை. புத்தர் சிலைக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, மும்முறை சரணம் சொல்லி, பஞ்சசீலம் சொல்லி, மாலை மாற்றிக்கொள்வார்கள். கூடியிருப்பவர்கள் 'சாது, சாது, சாது' என்பார்கள். அவ்வளவுதான் கல்யாணம். பிறகு பிரியாணி. அத்தைக்கும் மாமாவுக்கும் அப்படித்தான் நடந்தது. மாமா சுரங்கத்துக்குள் ஆட்கள் போய்வரும் கூண்டை ஏற்றி இறக்கும் இன்ஜின் பக்கம் வேலை பார்த்தார். சுரங்கம் மூடியதும் கைக்கு வந்ததை வைத்து ராபர்ட்சன்பேட்டைக்குப் பின்புறம் தன் பெயரில் ஒரு சின்ன வீடு வாங்கினார். அத்தை அந்த வீட்டுக்குப் போனாள். குழந்தை இல்லை.

பிறகு மாமா பெங்களூருக்கு வேலைக்குப் போய்வர ஆரம்பித்தார். எங்கள் ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான். விடிகாலை ரயிலில் தூங்கிக்கொண்டே போய், ராத்திரி ரயிலில் தூங்கிக்கொண்டே வருவார்கள். மாமா மட்டும் வழியில் பங்காரப்பேட்டையில் இறங்க ஆரம்பித்தார். அங்கே ஒரு பெண். அவளும் எங்கள் ஜனம்தான். அவள் வீட்டிலேயே, அவள் அண்ணன்மார் முன்னிலையில், வெள்ளைச் சட்டை போட்டு, சரணம் சொல்லி, மாலை மாற்றிக்கொண்டார். போட்டோ வேறு எடுத்திருந்தார்கள். அந்தப் போட்டோ யார் கையாலோ அத்தையிடம் வந்து சேர்ந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு அழவில்லை என்று அம்மா சொல்வாள். தைத்துக்கொண்டிருந்த சட்டைக்குக் காலர் வைத்து முடித்தாள், பொத்தான் கட்டினாள், கடைக்குக் கொடுத்தனுப்பினாள், பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போனாள். பெண்டாட்டி உயிரோடு இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்துகொண்டது குற்றம் என்று மாமா மேல் வழக்குப் போட்டாள்.

அந்த வழக்கில்தான் எங்கள் ஜனம் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பு நடந்தது. வக்கீல் எங்கள் ஆள். எதிர் வக்கீலும் எங்கள் ஊர்க்காரர். கோர்ட் குமாஸ்தா எங்கள் கல்யாணங்களில் வந்து பந்தியில் உட்கார்ந்தவர். மாஜிஸ்திரேட்டே ஒருமுறை எங்கள் விகாரையில் நடந்த கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர் என்று லைனில் பேச்சு உண்டு. ஆக, மாலை மாற்றிச் சரணம் சொன்னால் அது கல்யாணம் என்று அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை யார் போய்ச் சாட்சி சொல்வது? இரண்டாவது கல்யாணத்தில் மாலை மாற்றினார்கள், சரணம் சொன்னார்கள், போட்டோ இதோ என்று நிரூபித்தார்கள். எங்கள் ஜனத்தில் அதுதான் கல்யாணம், தலைமுறை தலைமுறையாக அதுதான் வழக்கம் என்று ஒருவரும் கூண்டில் ஏறிச் சொல்லவில்லை. வக்கீல் அதைக் கேட்கவே இல்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று யாராவது சாட்சி சொல்லச் சொல்வார்களா என்று அப்புறம் கேட்டாராம்.

மாமா கூண்டில் நின்று, "அது கல்யாணம் இல்லீங்க. சும்மா மாலை போட்டுக்கினு போட்டோ புடிச்சோம்" என்றார். அவருடைய வக்கீல் பழைய தீர்ப்பு ஒன்றை எடுத்து நீட்டினார். அதன்படி, இப்படிப்பட்ட வழக்கில் இரண்டாவது கல்யாணத்துக்கு வேண்டிய சடங்குகள் எல்லாம் நடந்ததாக ஐயமற நிரூபிக்க வேண்டும், அக்னியும் ஏழடியும் இல்லையென்றால், அவை வேண்டாம் என்கிற வழக்கம் அந்த ஜனத்துக்கு உண்டு என்று காட்ட வேண்டும், காட்டாவிட்டால் கல்யாணமே நடக்கவில்லை என்று அர்த்தம். கல்யாணமே நடக்கவில்லை என்றால் குற்றம் எங்கே?

வேறு ஊரில் இருப்பவர்களுக்கு இது புரியாமல் போகலாம் என்பதால் எங்கள் லைன் குழாயடியை வைத்துச் சொல்கிறேன். தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். வரிசை நீளம். ஒருமுறை ஒரு கர்ப்பிணிக்கு வரிசை தாண்டி ஒரு குடம் பிடிக்க விட்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கர்ப்பிணி வந்தாலும் அத்தை முன்னால் வந்து நிற்பாள். "அன்னிக்கு அவளுக்கு வுட்டீங்க இல்ல? இன்னிக்கு இவளுக்கும் வுடுங்க." முணுமுணுத்துக்கொண்டே விடுவார்கள், மறுக்க வழி கிடையாது. முன்தீர்ப்பு என்பது அதுதான். நேற்று ஒருத்திக்குச் சொன்ன நியாயம் இன்றைக்கு வருகிறவளுக்கும் பொருந்த வேண்டும், இல்லையென்றால் ஆளைப் பார்த்து நியாயம் சொன்னதாகிவிடும். மேல் கோர்ட் சொன்னது கீழ்க் கோர்ட்டைக் கட்டும். அதில் ஒரு நேர்மை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை, அதில்தான் எனக்குச் சோறு. ஆனால் நேற்று குழாயடியில் ஏதோ ஒரு வார்த்தையைச் சொல்ல யாரோ மறந்துபோனார்கள் என்றால் அந்த மறதியும் சேர்ந்தே இன்றைக்கு வந்து நிற்கும்.

மாஜிஸ்திரேட் மாமாவை விடுதலை செய்தார். தீர்ப்பைப் படித்துவிட்டு, எழுந்து போகுமுன் அத்தையைப் பார்த்துத் தமிழில் சொன்னாராம்: "அம்மா, மேல இருக்கறவங்க சொல்லிட்டா என் கையைக் கட்டிப் போட்ட மாதிரிதான். எனக்குத் தெரிஞ்சதை வெச்சு நான் எழுத முடியாது." அத்தை அப்படியே விடுகிறவளா? எல்லோரும் வேண்டாம் என்றபோதும் உயர்நீதிமன்றத்துக்குப் போனாள். அங்கேயும் அதே கதை. இந்த வட்டாரத்துப் பௌத்தர்களிடையே அக்னி இல்லாத கல்யாணம் செல்லும் என்கிற வழக்கம் இருப்பதாக இந்த வழக்கில் யாரும் சாட்சியம் தரவில்லை என்று சொல்லித் தள்ளுபடி செய்தார்கள். அந்தத் தீர்ப்புப் புத்தகத்தில் ஏறியது. நான் பழுப்புத் தொகுதியில் பார்த்தது அதைத்தான். தீர்ப்பு சொன்னது 'சாட்சியம் இல்லை' என்று. தலைக்குறிப்பு எழுதியவர் சுருக்குகிற அவசரத்தில் 'கல்யாணம் செல்லாது' என்று போட்டுவிட்டார். வக்கீல்களில் பாதிப் பேர் தலைக்குறிப்புக்கு மேல் படிப்பதில்லை.

தோற்றுப்போய் வீடு திரும்பிய அத்தைக்கு லைன் பெண்கள் ஒரு ஆறுதலைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். "வுடு அக்கா. அவ பொண்டாட்டியே இல்லன்னு கோர்ட்டே சொல்லிட்டுது. நீதான் பொண்டாட்டி." முதலில் அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் அதையே பிடித்துக்கொண்டாள். பங்காரப்பேட்டைக்காரி என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், "கோர்ட்டே சொல்லிடுச்சி" என்பாள். அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று யாரோ சொன்னபோதும் அதே வார்த்தை. மாமா ஒரேயடியாக அங்கே போய் இருந்துகொண்டார். அத்தை தனியாக அந்த வீட்டில் தைத்துக்கொண்டு, தோற்ற வழக்கை ஜெயித்த வழக்காக மாற்றிக்கொண்டு, வருஷங்களை ஓட்டினாள். எனக்கு அது சிரிப்பாகவும் இருக்கும், கேட்கச் சகிக்காமலும் இருக்கும். அவளிடம் சட்டம் பேசுகிற துணிச்சல் எனக்கு இல்லை.

மாமா இறந்தார். காரியத்துக்கு அத்தை போய்வந்தாள். அது முடிந்து சில மாதத்தில் மாமாவின் தம்பி வழக்குப் போட்டார். வீடு அண்ணன் பெயரில் இருக்கிறது, அண்ணனுக்குப் பெண்டாட்டி பிள்ளை யாரும் சட்டப்படி இல்லை, நான்தான் வாரிசு, அந்த அம்மாள் காலி செய்ய வேண்டும் என்று. அத்தைக்குச் சிரிப்பு வந்தது. "நான் இல்லாம யாரு பொண்டாட்டி? இன்னாத்துக்குக் கிறுக்குத்தனமா பேசறான்?" என்றாள். வழக்குக் காகிதத்தை எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாள். கன்னடத்தில் இருந்தது. நான் படித்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது பக்கத்தில், பௌத்த முறையில் மாலை மாற்றிக்கொண்டது கல்யாணம் ஆகாது என்பதற்கு ஆதாரமாக ஓர் உயர்நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டியிருந்தார்கள். வழக்கின் பெயர் அத்தையின் பெயர்.

நான் படிப்பதை நிறுத்தியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "என் கேஸா?" என்றாள். ஆமாம் என்றேன். அவளுடைய கல்யாணமும் பங்காரப்பேட்டைக்காரியின் கல்யாணமும் ஒரே அச்சு. அது கல்யாணம் இல்லையென்றால் இதுவும் இல்லை. இத்தனை வருஷம் 'கோர்ட்டே சொல்லிடுச்சி' என்று எந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்றாளோ அதே வார்த்தை அவளை வீட்டைவிட்டு வெளியே போ என்றது. அத்தை எங்கள் கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்தாள். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள், அது ஆறி ஏடு கட்டியது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் போட்ட வழக்கேதான் குறுக்கே நின்றது.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தோம். சின்ன வயது, வேகமாகப் பேசுவார், ஆனால் தலைக்குறிப்போடு நிற்காமல் தீர்ப்பை முழுசாகப் படிக்கிறவர். படித்துவிட்டு இரண்டு வழி சொன்னார். "முதல் வழி லேசு. நீங்க ரெண்டு பேரும் இத்தனை வருஷம் ஊரறிய ஒரே வீட்ல புருஷன் பெண்டாட்டியா இருந்திருக்கீங்க. அப்படி இருந்தா கல்யாணம் ஆனதாகவே கோர்ட் எடுத்துக்கும். அதுக்கும் பழைய தீர்ப்பெல்லாம் இருக்கு. சடங்கு பத்தியே பேச வேண்டாம். உங்க பழைய கேஸைத் தொடவே வேண்டாம்." இரண்டாவது வழி, அன்றைக்குச் சொல்ல மறந்ததை இன்றைக்குச் சொல்வது. எங்கள் ஜனத்தின் வழக்கம் இது என்று பெரியவர்களையும் அத்தையையும் கூண்டில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைப்பது. பழைய தீர்ப்பு சாட்சியம் இல்லாததால் வந்தது, இந்த வழக்கில் சாட்சியம் இருக்கிறது, ஆகவே அது இதைக் கட்டாது என்று வாதாடுவது.

"ஆனா ஒண்ணு இருக்கு அக்கா" என்றார் வக்கீலம்மா. "ரெண்டாவது வழியில போனா, பங்காரப்பேட்டையில நடந்ததும் கல்யாணம்னு ஆயிடும். நீங்க உயிரோட இருந்ததால அந்தக் கல்யாணம் செல்லாது, அந்தம்மாவுக்குச் சொத்துல ஒண்ணும் இல்ல. ஆனா அந்தப் பொண்ணுக்கு உண்டு. கல்யாணம்னு ஒண்ணு நடந்து பொறந்த பிள்ளைக்குத் தகப்பன் சொத்துல பங்கு உண்டு. வீட்ல சரிபாதி. மொத வழியில போனா அந்தப் பிரச்சினையே வராது. வீடு முழுசும் உங்களுக்குத்தான்."

நாங்கள் எல்லோரும் முதல் வழி என்றோம். அப்பா முடிவே செய்துவிட்டார். நானும் சொன்னேன், சட்டம் படித்த திமிரோடு, சேர்ந்து வாழ்ந்ததால் வரும் அனுமானம் எவ்வளவு பலமானது என்று விளக்கினேன். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் அப்பாவிடம், "டேய், நான் அவரோட சேந்து இருந்தவளாடா?" என்று கேட்டாள். "அப்பா அம்மா நின்னாங்க. நீ நின்ன. விகாரைல நூறு பேரு சாதுன்னு சொன்னாங்க. எல்லாத்தையும் வுட்டுட்டு, ஒரே வூட்ல இருந்தா, துணி தொவச்சிப் போட்டா, அதனால பொண்டாட்டியா வெச்சிக்கலாம்னு எழுதிக் கொடுக்கச் சொல்றீங்களா?" பிறகு சில வாரங்கள் அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் போனால் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அவளுக்கு இருந்தது அந்த வீடும் அந்த ஒரு ஆறுதலும்தான். வீடு முழுசாக வேண்டுமென்றால் தன் கல்யாணத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. கல்யாணம் வேண்டுமென்றால் பாதி வீட்டையும், பங்காரப்பேட்டைக்காரி பெண்டாட்டி இல்லை என்ற ஆறுதலையும் அவளுக்கே கொடுத்துவிட வேண்டும். கடைசியில் வக்கீலம்மாவிடம் போய், கூண்டில் ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவள் சாட்சி சொன்ன அன்றைக்கு நான் லீவு போட்டுக் கூடப் போனேன். கோர்ட்டில் எல்லாம் கன்னடம். அத்தை தமிழில் சொல்ல, ஜட்ஜ் கன்னடத்தில் எழுதச் சொன்னார். முதலில் நன்றாகத்தான் போனது. சரணம் சொல்வதை, சீலம் சொல்வதை, யார் முதலில் மாலை போடுவது என்பதை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தன் அம்மாவுக்கும், தன் பாட்டிக்கும் அப்படித்தான் நடந்தது என்றாள். பிறகு மாமாவின் தம்பியுடைய வக்கீல் எழுந்தார். வயதானவர், குரலை உயர்த்தாதவர். "ஹை கோர்ட்ல ஒரு கேஸ் இருக்கே, அதுல இருக்கற பேரு உங்க பேருதானே?" என்றார். ஆமாம் என்றாள். அதில் தோற்றது நீங்கள்தானே? ஆமாம். தோற்ற பிறகு அந்தப் பங்காரப்பேட்டை அம்மாள் பெண்டாட்டி இல்லை, கோர்ட்டே சொல்லிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது நீங்கள்தானே? அத்தை கொஞ்சம் தயங்கி, ஆமாம் என்றாள். அவர் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சரிங்கம்மா. மாலை போட்டு, சரணம் சொன்னா உங்க ஜனத்துல அது கல்யாணம்னு சொல்றீங்க. அப்போ உங்க வீட்டுக்காரருக்கும் அந்த அம்மாவுக்கும் நடந்ததும் கல்யாணம்தானா?"

அந்தக் கேள்விக்கு அவள் இல்லை என்றுதான் சொல்வாள் என்று அவர் உறுதியாக நம்பினார். ஊரே நம்பியது. இல்லை என்று சொன்னால் எங்கள் வழக்கம் என்று ஒன்று இல்லை, இவள் கல்யாணமும் இல்லை, வழக்கு அதோடு முடிந்தது. அத்தை கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். தையல்காரியின் கை, ஊசி குத்திக் குத்தி விரல்நுனி காய்த்துப்போன கை. ஜட்ஜ் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஹேளி அம்மா" என்று கன்னடத்தில் சொல்லச் சொன்னார். அத்தை அவரைப் பார்க்கவில்லை, வக்கீலையும் பார்க்கவில்லை. கட்டையைப் பார்த்துக்கொண்டே, "ஆமா" என்றாள். கேட்காதது போல வக்கீல் மறுபடி கேட்டார். "அதான் ஆமான்றேனே. எனக்கு எப்படி நடந்துதோ அதே மாதிரிதான் அவளுக்கும் நடந்துது. எனக்கு அது கல்யாணம்னா அவளுக்கும் கல்யாணம்தான். எழுதிக்குங்க." ஜட்ஜ் எழுதச் சொன்னார். அத்தை இறங்கி வந்தபோது நான் கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாள்.

அவள் ஜெயித்தாள். பழைய தீர்ப்பு சாட்சியம் இல்லாத குறையால் வந்தது, இங்கே வழக்கம் நிரூபிக்கப்பட்டிருக்கிறது, ஆகவே அது இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று ஜட்ஜ் எழுதினார். மாமாவின் தம்பி போட்ட வழக்கு தள்ளுபடி. இறந்தவருக்கு வாரிசுகள் இரண்டு பேர், மனைவியும் மகளும். ஆனால் கீழ்க் கோர்ட் தீர்ப்பு வேறு எந்தக் கோர்ட்டையும் கட்டாது, அதைப் புத்தகத்தில் போடுவதும் இல்லை. அத்தை ஜெயித்தது எங்கள் ஊர்க் கோர்ட்டின் ஒரு கட்டுக்குள் கிடக்கிறது. அவள் தோற்றதுதான் அச்சில் இருக்கிறது. எங்கள் அலுவலகக் கணினியில் பௌத்தத் திருமணம் என்று தேடினால் இன்றைக்கும் முதலில் வந்து நிற்பது அவள் பெயர்தான். தலைக்குறிப்பைத் திருத்தச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தேன். புதுப் பதிப்பில் பார்க்கலாம் என்கிறார்கள். அதைப் பார்க்காமலே எத்தனை வக்கீல்கள் எத்தனை பெண்களின் முகத்தில் அந்த நாலு வரியை நீட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

மகளுக்குப் பாதி வீடு என்றால், பள்ளிக்கூடம் போகும் பெண் தனியாகவா வந்து இருப்பாள்? ஒரு மழைநாளில் அவளும் அவள் அம்மாவும் வந்தார்கள். சின்ன வீடு அது. ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் ஒரு குளியலறை. சரிபாதியாகப் பிரிக்க அதில் இடமே இல்லை. அறையை அவர்களுக்கு விட்டுவிட்டு அத்தை மிஷினோடு கூடத்துக்கு வந்தாள். குளியலறைக்குப் போக அவர்கள் அத்தையின் கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். தண்ணீர் ஒரே தொட்டி, அடுப்பு ஒன்றே. எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று அப்பா கூப்பிட்டபோது, "என் வூட்ட வுட்டு நான் இன்னாத்துக்கு வர்றது?" என்றாள். பங்காரப்பேட்டைக்காரியைப் போகச் சொல்லவும் முடியாது, தான் போகவும் முடியாது. அத்தனை வருஷம் எந்தப் பெயரை வாயால் சொல்லாமல் இருந்தாளோ அந்தப் பெண்ணின் இருமலையும் வளையல் சத்தத்தையும் கேட்டுக்கொண்டே தைத்தாள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அந்தச் சிறுபெண்ணிடம் சொல்வாள். 'உங்கம்மாகிட்ட சொல்லு, தொட்டிய மூடச் சொல்லு.' அந்தப் பெண் அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டாள். மிஷினில் உட்கார்ந்து பழைய துணியில் கோடு அடிக்கக் கற்றுக்கொண்டாள். அத்தை திட்டினாலும் எழுந்து போகமாட்டாள். நான் போகும்போதெல்லாம் அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாமல் கிளம்பிவிடுவேன்.

போன வருஷம் அத்தை போய்விட்டாள். சரணம் சொல்லி அடக்கம் செய்தோம். அந்தச் சிறுபெண், இப்போது கல்லூரி போகிறாள், எல்லோரையும்விட அதிகமாக அழுதாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். கூடம் காலியாக, பெரிதாக இருந்தது. பங்காரப்பேட்டை அம்மா எனக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். அவரிடம் நான் அதுவரை ஒழுங்காக நாலு வார்த்தை பேசியதில்லை. அத்தையின் கோபத்தை எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்த்துத்தான் சுமந்தோம். அன்றைக்கு, இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அத்தை உங்களிடம் ஒரு வார்த்தைகூட நேராகப் பேசவில்லையே, எப்படி இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"பேசலன்னு யாரு சொன்னாங்க?" என்றார். "மொத நாளு பேசனாங்க. அன்னிக்கு மழை. நான் வெளிய நிக்கிறேன், உள்ள வர பயம். கதவத் தொறந்துட்டு அவங்களும் நிக்கிறாங்க. இன்னா சொல்றதுன்னு தெரியல. வாயில வந்தத சொன்னேன். 'அக்கா, எனக்குக் கல்யாணம் ஆச்சின்னு கோர்ட்டுல ஏறி சொன்னது நீங்க ஒருத்தங்கதான். அவரே இல்லன்னு சொல்லிட்டாரு. நான் பின்னால பெஞ்சில உக்காந்துக்கினு கேட்டுக்கினு இருந்தேன்'னு சொன்னேன்."

"அப்புறம்?"

"'உனக்காவ சொல்லல'ன்னாங்க. 'பொண்ணு நனையுது பாரு, உள்ள வா.'"